மருத்துவக் கல்லூரியில் இடம்: காத்திருக்கும் வீட்டாருக்குச் சில வார்த்தைகள்

பெற்றோரே, பல்கலைக்கழக முடிவு வெளியாகும் நாளில் தோட்டத்து வீடுகளில் நடப்பதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்து வருகிறேன். முன்பெல்லாம் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருந்தோம். இப்போது பிள்ளை கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் சாலையோரத்துக்கு ஓடுகிறது. தாய் செம்பனைக் காட்டிலிருந்து கையைக்கூடக் கழுவாமல் வந்து வாசலில் நிற்கிறாள். மாறாதது ஒன்றுதான். அந்த நாலைந்து நிமிடம் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி அப்படி நின்றாள். ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவள். தகப்பனார் லோரி ஓட்டுகிறார். தாயார் தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிறார். எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.00-க்கு மிக அருகில் புள்ளி எடுத்திருந்தாள். மருத்துவம் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். வந்ததோ உயிர்மருத்துவ அறிவியல். அன்று மாலை தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். மகள் ஒன்றும் பேசவில்லை. தாயார்தான் கேட்டார்:

“சார், அப்பீல் போட்டா கெடைக்குமா சார்? லிஸ்ட்டுல பேரு இருக்குன்னு சொல்றாங்களே, அது எப்ப நகரும்?”

நான் மருத்துவம் படித்தவனல்லன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு தோட்டப் பள்ளிக்கு வந்தவன். ஆனாலும் இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் யாராவது ஒரு தாயோ தகப்பனோ என்னிடம் கேட்பதால், தெரிந்தவர்களிடம் விசாரித்தும், ஊர் ஊராகப் பிள்ளைகளோடு அலைந்தும் சிலவற்றைத் தெரிந்துகொண்டேன். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லிஸ்ட் எப்படி நகர்கிறது? லயத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் வேலை மாறிப் போனால் ஒரு வீடு காலியாகும். அந்த வீட்டுக்கு மேல்லயத்துக்காரர் வருவார். அவர் விட்டுவந்த வீட்டுக்கு, மாமியார் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும் புதுமணத் தம்பதி போகும். ஒரு வீடு காலியானதால் மூன்று குடும்பம் இடம் மாறும். கல்லூரிக் காத்திருப்புப் பட்டியலும் அப்படித்தான். யாரோ ஒருவர் தமக்கு வந்த இடத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அரசாங்க உபகாரச் சம்பளத்தில் வெளிநாடு போகிறவர் ஒருவர். தனியார் கல்லூரிக்குப் போகிறவர் ஒருவர். பதிவு நாளன்று வந்து சேராதவர் ஒருவர். அவர்கள் விட்டுப்போன நாற்காலிதான் உங்கள் பிள்ளைக்கு வர வேண்டும்.

இதிலே ஒரு சங்கடம் உண்டு. மற்றப் படிப்புகளில் வேண்டாம் என்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மருத்துவத்தை யார் வேண்டாம் என்பார்? ஆகவே எல்லாப் பட்டியலையும்விட மெதுவாக நகர்வது மருத்துவப் பட்டியல்தான். தவிரவும், நம்முடைய பள்ளியில் ஒரு வகுப்பில் முப்பத்தைந்து பேர் இருந்தால், முப்பத்தாறாவதாக ஒரு பிள்ளை வந்தாலும் ஒரு பெஞ்சைத் தள்ளிப் போட்டு உட்கார வைத்துவிடுவேன். மருத்துவத்தில் அது நடக்காது. ஒரு விரிவுரையாளருக்கு இத்தனை மாணவர், படித்துப் பழக இத்தனை நோயாளிக் கட்டில் என்று மருத்துவ மன்றம் கணக்கு வைத்திருக்கிறது. கண்ணீர் வடித்தாலும் நாற்காலி கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பொதுப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலோர் யு.பி.யு. என்ற ஒரே அலுவலகத்தின் வழியாகத்தான் விண்ணப்பிக்கிறார்கள். அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு சமயத்தில் ஓர் இடம்தான் கொடுக்கப்படும். தேர்வுப் புள்ளிக்கு 90 சதவீதம், புறப்பாட நடவடிக்கைக்கு 10 சதவீதம் என்று தகுதிக் கணக்கு. மருத்துவத்துக்குப் பெரும்பாலும் நேர்முகத் தேர்வும் உண்டு. மேல்முறையீடு செய்தால் உங்கள் கடிதத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து வாசித்து மனம் இரங்குவார் என்று நினைக்காதீர்கள். காலியான நாற்காலிக்கு மறுபடியும் அதே கணக்குதான் போடப்படும். புறப்பாடத்தின் அந்தப் பத்துச் சதவீதத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் கோட்டை விடுகிறார்கள். சாரணர் இயக்கம், செஞ்சிலுவைச் சங்கம், ஓட்டப் பந்தயம் இவையெல்லாம் படிப்பைக் கெடுக்கும் என்று பிள்ளையைத் தடுத்த பெற்றோர் எத்தனை பேர்! அவர்களில் சிலரிடம் நானும் வாதாடித் தோற்றவன்தான். மாலையில் பள்ளியில் தங்கினால் திரும்பி வரப் பேருந்து இல்லை என்பார்கள். அதுவும் நியாயம்தானே?

4.00 எடுத்தும் மருத்துவம் கிடைக்காத பிள்ளைகளைப் பற்றிய செய்தி ஏறக்குறைய ஆண்டுதோறும் தமிழ் நாளேடுகளில் வருகிறது. அதைப் படித்துவிட்டு, “நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறான்?” என்று சொல்லுகிற வழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. அந்த மனக்குறை காரணமில்லாமல் வந்ததல்ல. 1971-க்குப் பிறகு பல ஆண்டுகள் இன அடிப்படையிலான ஒதுக்கீடு இருந்தது. 2002-இல் தகுதி முறை என்று மாற்றினார்கள். ஆனால் எஸ்.டி.பி.எம். ஒரு பாதை, மெட்ரிகுலேஷன் ஒரு பாதை என்று இரண்டு பாதைகள் ஒரே வாசலுக்கு வருகின்றன. மெட்ரிகுலேஷனில் 90 சதவீதம் பூமிபுத்ராக்களுக்கு. ஒன்றரை ஆண்டு முக்கிமுனகி எஸ்.டி.பி.எம். எழுதிய பிள்ளையும், ஓராண்டில் மெட்ரிகுலேஷன் முடித்த பிள்ளையும் ஒரே தராசில் நிறுக்கப்படுவது சரியா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. 2024 ஜூன் மாதத்தில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அறிவித்தார். ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேராது என்ற விளக்கம் 2025-இல் வந்தபோது பல வீடுகளில் மறுபடியும் முகம் வாடியது. அறிவிப்பைப் படிக்கும்போது சின்ன எழுத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்வதை உங்களிடமும் சொல்கிறேன்.

நாம் மட்டுமா காத்திருக்கிறோம்? தமிழ்நாட்டில் ‘நீட்’ தேர்வு வந்த பிறகு அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடம் கிடைப்பது அருகிப் போயிற்று. அதனால் 2020-இல் அவர்களுக்கென்று 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கேயும் கலந்தாய்வு ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று போகும். முதல் சுற்றில் பெயர் வராத பிள்ளைகள், மேலே உள்ளவர் யாராவது விலகுவாரா என்று அடுத்த சுற்று வரை காத்திருப்பார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை வெள்ளைக் கோட்டுப் போட வேண்டும் என்ற ஆசையும் அதற்கான தவிப்பும் கடலுக்கு இரு கரையிலும் ஒன்றுதான்.

பினாங்குக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது பழைய ஊர். பழைய பள்ளிகள் உள்ள ஊர். 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்தவர் டாக்டர் வூ லியன் தே. சீனாவிலிருந்து குடியேறிய நகைத் தொழிலாளியின் மகன். 1896-இல் ராணி உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜுக்குப் போய் மருத்துவம் படித்தார். 1910-11-இல் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது, நோய் மூச்சுக் காற்றின் வழியாகப் பரவுகிறது என்று கண்டுபிடித்து, துணி முகக்கவசம் கட்டச் சொன்னவர் இவரே. கோவிட் காலத்தில் நாமெல்லாம் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திரிந்தோமே, அந்தப் பழக்கத்துக்கு முன்னோடி நம்ம ஊர்க்காரர்! 1960-இல் பினாங்கில்தான் காலமானார். அவர் படிக்கப் போன காலத்தில் மலாயாவில் மருத்துவப் பள்ளி ஒன்றுகூட இல்லை. அடுத்து வந்தது சிங்கப்பூரில். அதுவும் அரசாங்கம் தானாகக் கொடுத்ததல்ல. சிங்கப்பூர் வணிகர் டான் ஜியாக் கிம் தலைமையில் மனுக் கொடுத்து, ஊரார் பணம் திரட்டியதால் வந்தது. 87,077 வெள்ளி சேர்ந்தது. 1905-இல் 23 மாணவர்களுடன் பள்ளி திறந்தது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலம் வந்தது 1960-களின் முற்பகுதியில்தான்.

பினாங்குக்கு 1969-இல் பல்கலைக்கழகம் வந்தது. இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அதன் மருத்துவப் பள்ளி 1979-இல் இங்கே மிண்டன் வளாகத்தில்தான் உருவாயிற்று. பின்னர் 1980-களில் கிளந்தான் மாநிலம் குபாங் கெரியானுக்குப் போய்விட்டது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. “வீட்டுக்குப் பக்கத்திலே இருக்கு, பஸ்ஸுல போய் வந்து படிக்கலாம்” என்று நினைத்து அந்தப் பல்கலைக்கழகத்தை முதலிடத்தில் எழுதச் சொன்ன தகப்பனார் ஒருவரை நான் அறிவேன். இடமும் கிடைத்தது. பிறகுதான் மகளை மலைத்தொடருக்கு அப்பால் கோத்தா பாருப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தது. மனுஷர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெண் இப்போது டாக்டராக இருக்கிறாள்; அதை நினைத்துத் தகப்பனார் இன்று சிரிக்கிறார்.

ஜார்ஜ்டவுனுக்குள் மருத்துவம் படிக்க வேண்டுமானால், ஐரிஷ் கல்லூரிகள் இரண்டு சேர்ந்து 1996-இல் தொடங்கிய பினாங்கு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்போது வேறு பெயரில், ‘சிப்பாய் லைன்ஸ்’ சாலையில், பொது மருத்துவமனைக்கு அருகில் இருக்கிறது. இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்த இடம் என்பதால் வந்த பெயர். முதல் இரண்டரை ஆண்டு டப்ளின் நகரில், பிறகு பினாங்கு மருத்துவமனையில் என்று அதன் படிப்பு அமைந்தது. செலவை நான் சொல்ல வேண்டியதில்லை. கெடாவில், ம.இ.கா.வின் கல்விக் கழகமான எம்.ஐ.இ.டி. முயற்சியால் 2001-இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பினாங்கு, கெடா தோட்டப் பகுதிகளிலிருந்து அங்கே போய்ப் படித்தவர்கள் உண்டு. ஆனால் எந்தத் தனியார் கல்லூரியானாலும் ஐந்து ஆண்டுக் கணக்கு லட்சங்களில்தான் ஓடும்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அக்காள் “எழுது” என்று சொன்னதால் எழுதுகிறேன்.

1989. எனக்கு அப்போது பத்து வயதுகூட இல்லை. அக்காள் பட்டணத்துப் பள்ளியில் ஆறாம் படிவம் முடித்திருந்தாள். முதல் அழைப்பில் பெயர் வரவில்லை. மேல்முறையீடு எழுதிப் போட்டாள். அந்தக் காலத்தில் தோட்டத்துத் தபாலெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். கிராணி பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். அக்காளின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் வீட்டில் வேறு விதமாகவும் வழங்கி வந்தது. தகப்பனார் பெயரிலும் இரண்டு எழுத்து மாறியிருந்தது. கடிதம் வந்தது. யாருடையது என்று தெரியாமல் ஒரு மேசை இழுப்பறைக்குள் போய்க் கிடந்தது. வேறொரு கடிதத்தைத் தேடும்போது அது கிடைத்தது. அப்பா பால்வாளியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தது எனக்கு நினைவிருக்கிறது. கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால், பதிவு நாள் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

சீனர் கடையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டோம். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். பட்டியலில் அடுத்து இருந்தவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவ்வளவுதான்.

அது மருத்துவ இடமல்ல, அறிவியல் பட்டப்படிப்பு. ஆனாலும் எங்கள் லயத்தில் அதற்கு முன் அந்தக் கடிதம் யாருக்கும் வந்ததில்லை. அக்காள் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். விடியுமுன்னே தொழிற்சாலைப் பேருந்து வரும். முப்பது ஆண்டு போனாள். அவள் சம்பளத்தில்தான் நான் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். “அந்த எடத்துல போய்ப் படிச்சவங்க யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்” என்று ஒருமுறை சொன்னாள். இன்றும் பதிவுத் தபால் வந்தால் முதலில் முகவரியைத்தான் பார்ப்பாள்.

அதனால்தான் பெற்றோரே, என்னிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் முதலில் அடையாள அட்டையைக் கேட்கிறேன். அதில் உள்ள பெயர்தான் பள்ளிச் சான்றிதழிலும் விண்ணப்பத்திலும் இருக்கிறதா? எழுத்து மாறினால் உடனே சரிசெய்ய வேண்டும். இப்போது கடிதம் இழுப்பறையில் கிடப்பதில்லை, மின்னஞ்சலில் கிடக்கிறது. தகப்பனார் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, மறுமாதம் காசு போடாமல் அந்த எண்ணே செத்துப் போன கதைகள் உண்டு. காத்திருக்கும் மாதங்களில் எண்ணை மாற்றாதீர்கள். தினமும் ஒரு தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குப்பை அஞ்சல் பெட்டியையும்தான். வருகிற அழைப்புக்குக் கொடுக்கிற அவகாசம் சில நாள்களே.

இப்போது அந்த மாணவிக்கு வருவோம். அன்று மாலை நான் சொன்னது இதுதான்: கையில் வந்த உயிர்மருத்துவ இடத்தை முதலில் ஏற்றுக்கொள், அதோடு மேல்முறையீடும் செய். எந்த ஆண்டானாலும் அந்த ஆண்டின் விதியை வாசித்துப் பார்க்க வேண்டும். ஆனால் மருத்துவம் வரும் என்று நம்பி, வந்ததை உதறிவிட்டு வெறுங்கையோடு நிற்பதை நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்ல மாட்டேன். தாயாருக்கு இது பிடிக்கவில்லை. “அத ஒத்துக்கிட்டா, இவளுக்கு இது போதும்னு நெனச்சிட மாட்டாங்களா சார்?” என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. கணினி அப்படியெல்லாம் நினைக்காது என்று சொன்னேன்.

மேல்முறையீட்டு முடிவு வரவில்லை, வரவில்லை, பிறகு வந்தது. இல்லை என்று.

அதோடு முடியவில்லை. ஒரு தனியார் கல்லூரியிலும் அவள் விண்ணப்பித்திருந்தாள். அங்கே காத்திருப்புப் பட்டியலில் வைத்திருந்தார்கள். ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது. இடம் காலியாகியிருக்கிறது, ஒரு வாரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றார்கள். தகப்பனார் அன்று லோரியை ஈப்போவில் நிறுத்திவிட்டு எனக்குத் தொலைபேசி செய்தார். சேமநிதியிலிருந்து பிள்ளை படிப்புக்குப் பணம் எடுக்கலாமாமே என்று கேட்டார். எடுக்கலாம். 2024 மே மாதம் முதல் சேமநிதி மூன்று கணக்காகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் ‘செஜாதெரா’ கணக்கில் உள்ளதைக் கல்விக்கு எடுக்க வழி உண்டு. ஆனால் அந்தக் கணக்கு முழுப் பணத்தில் ஒரு பங்குதான். அவர் கணக்கைப் பார்த்தோம். முன்பணத்துக்கு எட்டும், முதலாண்டில் பாதிக்குக்கூட எட்டாது. பி.டி.பி.டி.என். கடனைச் சேர்த்தாலும் இடைவெளி பெரியது. அந்த இடைவெளிக்கு யாரிடம் போவது? வட்டிக்காரரிடமா?

மூன்று இரவு அந்த வீட்டில் விளக்கு அணையவில்லை. பாட்டியின் தாலிச் சங்கிலி வரை பேச்சு வந்ததாம். நான்காம் நாள் அந்தப் பெண்ணே கல்லூரிக்குத் தொலைபேசி செய்து, நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பெற்றோரிடம் சொல்லிவிட்டுச் செய்யவில்லை, செய்துவிட்டுச் சொன்னாள். தாயார் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை.

அவள் செய்தது சரியா? என்னைக் கேட்டால், அந்த வீட்டுக் கணக்கைக் கையில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில், சரி என்றுதான் சொல்வேன். ஆனால் நூற்றுக்கு நூறு நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியாது. முன்பணம் கட்டிய பிறகு இரண்டாம் ஆண்டில் பணமில்லாமல் நின்றுபோன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். எப்படியோ கடனை உடனை வாங்கி டாக்டராகி, அப்பாவுக்கு வீடு வாங்கிக் கொடுத்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன்.

காத்திருக்கும் வீடுகளைத் தேடி இன்னொரு கூட்டம் வரும். அவர்களைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். “அங்கே இடம் இல்லையென்றால் என்ன, வெளிநாட்டில் நான் வாங்கித் தருகிறேன்” என்று அழகான அட்டைகளோடு வருவார்கள். வெளிநாட்டுப் படிப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1953-இல் தொடங்கிய மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் படித்துவந்த மலேசியர்கள் எத்தனையோ பேர். அந்த உறவில்தான் 1997-இல் மலாக்காவிலும் ஒரு கல்லூரி வந்தது. ஆனால் நம் நாட்டு மருத்துவச் சட்டம் 1971-இன்படி, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமா என்று முதலில் பார்க்க வேண்டும். 2005-இல் உக்ரேனில் இருந்த கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை நம் அரசாங்கம் மீட்டுக்கொள்ள முடிவு செய்தபோது எவ்வளவு கூக்குரல் எழுந்தது என்பது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஏஜண்டு காட்டும் காகிதத்தை நம்பாதீர்கள். மலேசிய மருத்துவ மன்றத்திடமே கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

படித்து முடித்தால் காத்திருப்பு தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பயிற்சி மருத்துவராக இரண்டு ஆண்டு வேலை பார்க்க வேண்டும். 2016 கடைசியிலிருந்து புது மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கப்பட்டார்கள். நிரந்தர வேலை எப்போது என்று கேட்டு 2021 ஜூலை 26-இல் அவர்கள் நாடு தழுவிய வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டோ என்னவோ, இப்போது மருத்துவம் வேண்டாம் என்னும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் காலத்தில் அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை.

நம் ஆட்களுக்கு டாக்டர் என்றால் ஏன் இவ்வளவு ஆசை? எங்கள் பாட்டி காலத்தில் தோட்டத்தில் டாக்டரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. டிரஸ்ஸர்தான் டாக்டர். தலைவலியானாலும் வயிற்றுவலியானாலும் ஒரே சிவப்புத் தண்ணீரைக் கொடுப்பார் என்று பாட்டி சொல்லிச் சிரிப்பாள். பிரசவத்தில் ஏதாவது கோளாறு என்றால் லோரியில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போகிற வழியில் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. அந்தப் பயம்தான் பேரன் பேத்திகளின் மேல் ஆசையாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அந்த ஆசையை ஆறாம் படிவம் முடித்த பிறகு அப்பீல் பாரத்தில் எழுதினால் போதாது. மருத்துவத்துக்கு எஸ்.பி.எம். தேர்விலேயே உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் எல்லாம் நல்ல புள்ளியோடு இருக்க வேண்டும். நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவுக்குப் போகாத பிள்ளைக்கு அந்தக் கதவு அப்போதே பாதி மூடிவிடும். நம் பிள்ளைகள் பலர் மூன்றாம் படிவத்தில் கணிதத்துக்குப் பயந்து வேறு பிரிவுக்குப் போகிறார்கள். நாமும் “பாஸானால் போதும்” என்று விட்டுவிடுகிறோம். டியூஷனுக்கு வசதியில்லை என்றால், 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்றவை இருக்கின்றன. விசாரித்துப் பாருங்கள்.

அந்த மாணவி இப்போது உயிர்மருத்துவ அறிவியலில் இரண்டாம் ஆண்டு. விடுமுறையில் வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். ஆய்வுக்கூடத்தில் இரத்த மாதிரியைச் சோதிக்கிற வேலை பிடித்திருக்கிறது என்றாள். பட்டம் முடித்த பிறகு மறுபடியும் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டாள். பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு என்றேன், செலவையும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். தாயார் அவளோடு வந்திருந்தார். என் வீட்டு வாசலில் காய வைத்திருந்த மிளகாயைப் பார்த்து, மழை வரப் போகிறது, எடுத்து வையுங்கள் சார் என்றார். மகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தாமானிலுமாக மூன்று பிள்ளைகள் மருத்துவத்துக்கு எழுதியிருக்கிறார்கள். முடிவு வந்த மறுநாளிலிருந்து காலையில் பள்ளி நூலகத்தில் இருப்பேன். கணினி ஒன்று ஒழுங்காக வேலை செய்கிறது. வரும்போது அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், எஸ்.பி.எம். மற்றும் எஸ்.டி.பி.எம். சான்றிதழ்கள், புறப்பாடச் சான்றுகள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சம்பளச் சீட்டும் வேண்டும். அக்காளும் வந்து உட்கார்ந்திருப்பாள். பெயர்களை எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பது அவள் வேலை.